பழைய ஏரிக்கரையை வாசிப்பது எப்படி? ஓல்டுவாய் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

1959 ஜூலை 17. தான்சானியாவின் வடக்கே, செரங்கெட்டிச் சமவெளியின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஓல்டுவாய் பள்ளத்தாக்கு. காய்ச்சலில் கணவர் லூயிஸ் லீக்கி கூடாரத்தில் படுத்திருக்க, தொல்லியலாளர் மேரி லீக்கி தன் நாய்களோடு தனியாக நடந்துபோகிறார். மழை அரித்த ஒரு சரிவில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. குனிந்து பார்த்தால், மேல்தாடையில் பதிந்த இரண்டு பெரிய பற்கள். பிற்பாடு 'ஜிஞ்சாந்த்ரோபஸ்' என்று உலகப் புகழ் பெற்ற மண்டையோடு அது. இன்று அதைப் பராந்த்ரோபஸ் பொய்செய் என்ற, அழிந்துபோன மனித உறவினத்தில் சேர்க்கிறார்கள்.

மண்டையோட்டின் கதை பலருக்கும் தெரிந்தது. எனக்கு அதைவிடச் சுவையானது அதைச் சுற்றிக் கிடந்தவைதான். எஃப்.எல்.கே. ஜிஞ் என்று குறிக்கப்படும் அந்த இடத்தில் சுமார் 300 சதுர மீட்டர் பரப்பைத் திறந்தபோது, விரற்கடைக் கணக்கில் அளக்கக்கூடிய ஒரு மெல்லிய களிமண் அடுக்கில் ஏறத்தாழ 2,500 கற்கருவிகளும் சில்லுகளும், அவற்றோடு ஆயிரக்கணக்கான விலங்கு எலும்புகளும் வெளிப்பட்டன. காலம் இன்றைக்கு 18 லட்சத்து 40 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். இவ்வளவு பொருள் இங்கே எப்படிச் சேர்ந்தது?

'மனிதர் வாழ்ந்த தளம்' என்றார் மேரி லீக்கி. எளிமையான பதில். ஆனால் அடுத்த அறுபது ஆண்டுகள் நடந்த விவாதத்தில் அந்தப் பதில் பலமுறை அடிவாங்கியது. ஒவ்வொரு முறையும் விவாதத்தை நகர்த்தியது அந்தக் காலத்தில் பக்கத்தில் கிடந்த ஏரிதான். யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், எது மிஞ்சியது, எது கரைந்துபோனது என்ற எல்லாவற்றிலும் ஏரியின் கை இருக்கிறது. தொல்லியல் படிக்கும் மாணவர்களும், அகழாய்வுச் செய்திகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க விரும்புகிறவர்களும் இப்படிப்பட்ட ஒரு களத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

படி 1: முதலில் ஒரு வற்றிய ஏரிக்குப் போங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் ஏரி ஒன்றில் இறங்கி, மிஞ்சிய தண்ணீரிலிருந்து வெளிப்புறமாக மெல்ல நடந்து வாருங்கள்.

தண்ணீர் ஓரத்தில் கால் புதையும் சேறு. விரலில் தேய்த்தால் வழவழக்கும், மணல் நெருடாது. அதைத் தாண்டினால் பாளம் பாளமாக வெடித்த களிமண். அதில் மாட்டுக் குளம்புகளும் கொக்கின் கால்களும் அச்சாகப் பதிந்திருக்கும். இன்னும் வெளியே வந்தால் கோரை, பிறகு புல், பிறகு வேலி முள்ளும் மரங்களும். மழைநீர் ஏரிக்குள் இறங்கும் வாய்க்காலின் முகத்தில் மட்டும் விசிறிபோல் மணல் பரவியிருக்கும். சில இடங்களில் மண்ணின் மேல் வெள்ளையாக உவர் பூத்திருக்கும்.

இப்போது எலும்புகளைத் தேடுங்கள். மேட்டில் கிடக்கும் மாட்டெலும்பு வெயிலில் வெளுத்து, விரிசல் விட்டு, நாய்கள் இழுத்துச் சிதறடித்ததாக இருக்கும். சேற்றில் பாதி புதைந்த எலும்பு பழுப்பேறி, கட்டுக் குலையாமல் இருக்கும். அடுத்த மழைக்கு ஏரி நிரம்பினால் இந்த இரண்டாவது எலும்பின் மேல் வண்டல் படியும். முதலாவதற்கு அந்த வாய்ப்பு இல்லை.

நம் ஏரி மனிதன் கட்டியது. கரையும் மதகும் கலங்கலும் உண்டு. ஓல்டுவாய் ஏரிக்கு மதகு இல்லை, வெளியேறும் ஆறும் இல்லை. உள்ளே வந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகித்தான் போக வேண்டும். இந்த வேறுபாடு படி 3-இல் பெரிதாக வரும். மற்றபடி நீங்கள் நடந்து பார்த்த வளையங்கள் அங்கேயும் அப்படியே இருந்தன.

படி 2: ஏரி எங்கே இருந்தது என்று வரையுங்கள்

இன்றைய ஓல்டுவாயில் ஏரி கிடையாது. வறண்ட பள்ளத்தாக்கு, முள்மரங்கள், 'ஓல்டுபாய்' என்று மாசாய் மக்கள் சொல்லும், கத்தி போன்ற இலைகளை நீட்டி நிற்கும் ஒரு நார்ச்செடி. நம் ஊர் மருள் செடியின் இனம்தான் அது. பள்ளத்தாக்கின் பெயரே அந்தச் செடியிலிருந்து வந்தது. வந்த ஐரோப்பியர் காதில் கொஞ்சம் பிசகி 'ஓல்டுவாய்' ஆகிவிட்டது.

இல்லாத ஏரியை எப்படி வரைவது? பள்ளத்தாக்கின் சுவர்கள் சுமார் 90 மீட்டர் உயரத்துக்கு அடுக்கடுக்காகத் திறந்து கிடக்கின்றன. புவியியலாளர் ரிச்சர்ட் ஹே அவற்றை ஆண்டுக்கணக்கில் நடந்து நடந்து அளந்து, 1976-இல் முழு நூலாக வெளியிட்டார். அவர் செய்ததன் சாரம் இது: ஒரே அடுக்கைக் கிலோமீட்டர் கணக்கில் பக்கவாட்டில் பின்தொடர்ந்து, அது எங்கே நிறமும் குணமும் மாறுகிறது என்று குறித்துக்கொண்டே போவது. மெழுகுபோல் வழுவழுப்பான களிமண் என்றால் தண்ணீருக்கு அடியில் படிந்தது. மண்வாசம் அடிக்கிற, வேர்த் துளைகள் நிறைந்த களிமண் என்றால் தண்ணீர் வந்து வந்து போன கரை. மணலும் கூழாங்கல்லும் என்றால் ஓடை. காற்றில் வந்து படிந்த சாம்பல் மண் என்றால் வறண்ட தரை.

படுகையின் நடுவே ஏரி. கிழக்கிலும் தெற்கிலும் ஙொரோங்கோரோ, ஓல்மோட்டி முதலான எரிமலைகள். மழை மலையில் பெய்கிறது. ஓடைகள் மேற்கு நோக்கி இறங்கி ஏரியில் சேர்கின்றன. பள்ளத்தாக்கின் அடியடுக்கில் கிடைத்த முக்கியமான களங்கள் பெரும்பாலும் ஏரியின் கிழக்குக் கரைப்பட்டையில், அதாவது நல்ல தண்ணீர் உள்ளே வந்த பக்கத்தில் அமைந்திருக்கின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஏரிக்கரை' என்றதும் நாம் மனதில் ஒரு கோட்டை இழுத்துவிடுகிறோம். தட்டையான படுகையில் கரை என்பது கோடு அல்ல, அகலமான பட்டை. தண்ணீர் மட்டம் ஒரு முழம் ஏறினால் கரை வெகுதூரம் பின்வாங்கும். பருவத்துக்குப் பருவம் ஒரு அசைவு. அதற்கு மேல், புவியின் அச்சுத் தள்ளாட்டத்தால் மழை கூடிக் குறையும் ஏறத்தாழ 21,000 ஆண்டுச் சுழற்சியில் இன்னொரு பேரசைவு. ஒரு களம் 'ஏரிக்கரையில் இருந்தது' என்று எழுதுகிறவர்களிடம், எந்த நூற்றாண்டின் கரையில் என்று கேட்கலாம். பதில் வராது, ஆனாலும் கேட்பது நல்லது.

படி 3: தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. என் கணக்கில் இதுதான் மையம்.

வெளியேற வழியில்லாத ஏரியில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். சுற்றிலும் எரிமலைப் பாறை என்பதால் சோடியம் கார்பனேட்டும் சேர்ந்து தண்ணீர் காரமாகும், அதாவது அமிலத்துக்கு எதிரான குணம் ஏறும். தான்சானியாவின் நேட்ரான் ஏரியும் கென்யாவின் மகாடி ஏரியும் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன. ஓல்டுவாய் ஏரியின் நடுப்பகுதியும் அந்த வகையே என்பதற்கு ஹே காட்டிய சான்றுகள் படிவுகளுக்குள்ளேயே இருக்கின்றன. காரநீரில் எரிமலைச் சாம்பல் வினைபுரிந்து உருவாகும் சியோலைட் கனிமங்கள், மக்னீசியம் மிகுந்த களிமண், டோலமைட் என்று பட்டியல் நீளும். பூநாரையின் எலும்பும் கிடைத்திருக்கிறது. கார ஏரிகளின் பாசியைத் தின்று வாழும் பறவை அது.

அப்படியானால் அந்த ஏரியின் தண்ணீரை மனித மூதாதை குடித்திருக்க முடியாது. ஏரிக்கு வந்தவர் ஏரிநீருக்காக வரவில்லை!

பிறகு எதற்கு? விடை ஊற்றில் இருக்கிறது. மலையில் பெய்த மழை பூமிக்குள் இறங்கி, நிலத்தடியாக நகர்ந்து, ஏரிக்கரையில் சரிவு தட்டையாகும் இடத்தில் நன்னீராகக் கசிந்து வெளிவருகிறது. ஊற்று வாயில் சுண்ணாம்பு படிந்து துளைத்துளையான கல்லாகும். அந்தச் சுண்ணாம்புக் கல்லை எஃப்.எல்.கே. ஜிஞ்சுக்கு வடக்கே சுமார் 200 மீட்டர் தொலைவில் புவியியலாளர் கெயில் ஆஷ்லியின் குழு அடையாளம் கண்டு, 2010-இல் வெளியிட்டது. ஆஷ்லி பாடம் கற்ற இடங்களில் ஒன்று, இன்றைய ஙொரோங்கோரோ எரிமலைவாய்க்குள் இருக்கும் உப்பு ஏரியும் அதன் ஓரத்து நன்னீர் ஊற்றுகளும். உப்பேரிக்குப் பக்கத்தில் சதுப்பு, கோரை, மரநிழல் எல்லாம் அங்கே இன்றும் ஒருசேர இருக்கின்றன.

ஆகவே ஒரு களத்தைப் படிக்கும்போது 'தண்ணீர் பக்கத்தில் இருந்தது' என்ற வரியோடு நிற்காதீர்கள். எந்தத் தண்ணீர்?

படி 4: தண்ணீர் தவிர வேறு என்ன இருந்தது?

நிழலும் கல்லும்.

நிழலை அறிய, தாவரங்கள் விட்டுப்போன நுண்ணெச்சங்களைத் தேட வேண்டும். காரமண்ணில் மகரந்தம் நன்றாகத் தங்காது. ஆனால் தாவரத் திசுக்களுக்குள் உருவாகும் சிலிக்கத் துகள்கள் தங்கும். ஓல்டுவாயில் அவை பனைக் குடும்ப மரங்களையும் கோரையையும் காட்டுகின்றன. இலைகளின் மேல் பூசியிருக்கும் மெழுகின் மூலக்கூறுகளும் களிமண்ணில் பல லட்சம் ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றை வைத்துக் கிளேட்டன் மாகில், ஆஷ்லி, கேத்தரின் ஃப்ரீமன் ஆகியோர் 2013-இல் ஒரு படத்தை வரைந்தார்கள். சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்குள் அந்த நிலம் மரக்காடாகவும் புல்வெளியாகவும் பலமுறை மாறி மாறி வந்திருக்கிறது. 2016-இல் அதே முறையை ஜிஞ் அடுக்கின் மேல் பரப்பிப் பார்த்தபோது, கருவிகளும் எலும்புகளும் குவிந்த இடத்தில் மரத்தோப்பும், அருகே நன்னீர்ச் சதுப்பும், அதற்கப்பால் புல்வெளியும் தெரிந்தன. சிங்கமும் கழுதைப்புலியும் உலாவும் வெளியில் கறியோடு உட்கார்ந்திருப்பவருக்கு, ஏறிக்கொள்ள ஒரு மரம் எவ்வளவு பெரிய சொத்து என்று யோசித்துப் பாருங்கள்.

கல்லின் கதை வேறு. ஏரிச்சேற்றில் இயற்கையாகக் கல் இருக்காது. களிமண் அடுக்குக்குள் கைப்பிடி அளவு கல் ஒன்று இருந்தால், அதை யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். மணற்படிவிலோ ஆற்றுப்படுகையிலோ கிடைக்கும் கருவிக்கு இந்த உறுதி இல்லை. ஜிஞ் களத்தின் குவார்ட்சைட் என்ற கடினமான கல், வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் நைபோர் சொய்ட் குன்றிலிருந்து வந்தது. எரிமலைக் கல், கிழக்கிலிருந்து வந்த ஓடைகளின் கூழாங்கற்கள்.

கல்லைத் தயாரித்துக் கொடுத்ததும் ஒரு கட்டத்தில் அதே ஏரிதான். மேலே உள்ள, 'இரண்டாம் படுகை' என்று புவியியலாளர் பெயரிட்ட அடுக்கில் செர்ட் என்ற கூர்மையாக உடையும் கல்லில் செய்த கருவிகள் வருகின்றன. அந்த செர்ட், காரநீரில் சிலிக்கா கரைந்து, படிந்து, ஏரிக்கு அடியிலேயே முடிச்சு முடிச்சாக உருவானது. ஏரி நிறைந்திருந்தவரை யாருக்கும் எட்டாது. ஏரி சுருங்கியதும் வெளியே தெரிந்தது, எடுத்துக்கொண்டார்கள். பிறகு மண் மூடியது, அதோடு அந்தக் கல்லின் பயன்பாடும் மங்கியது. கருவியின் பாணி மாறினால் 'பண்பாடு மாறியது' என்று உடனே எழுதிவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஏரி மட்டம் இறங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை ஓல்டுவாய் கற்றுக்கொடுக்கிறது.

படி 5: வேறு யாரெல்லாம் வந்தார்கள்?

ஊற்றும் நிழலும் எல்லோருக்கும் வேண்டும். தண்ணீருக்கு வரும் மான்களைப் பிடிக்கச் சிங்கம் வரும். மிச்சத்துக்குக் கழுதைப்புலி வரும். தண்ணீருக்குள் முதலை காத்திருக்கும். முதலை இருந்ததற்கு எலும்பும் உண்டு, பல்லும் உண்டு, அதைவிட நேரடியான சான்றும் உண்டு: எஃப்.எல்.கே. பகுதியில் கிடைத்த மனித மூதாதையின் பாத எலும்பிலும் கால் எலும்பிலும் முதலையின் பல்தடங்கள் இருப்பதை ஜாக்சன் ஞாவும் ராபர்ட் புளூமன்ஷைனும் 2012-இல் வெளியிட்டனர். கரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் சிலசமயம் சாப்பாடாகவும் ஆகியிருக்கிறார்கள்.

ஆகவே ஏரிக்கரையில் எலும்புக் குவியல் கிடைத்தால் அது மனிதரின் கைவேலை என்று நினைத்துவிடக் கூடாது. தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டு 1981-இல் இதைத்தான் உரக்கச் சொன்னார்: ஓல்டுவாயின் எலும்புகளில் பெரும்பகுதி ஊனுண்ணிகள் விட்டவை, மனிதர் எச்சிலைப் பொறுக்கியவர். அதே 1981-இல் ஹென்றி பன் ஒருபுறமும், ரிச்சர்ட் பாட்ஸ், பாட் ஷிப்மன் இருவரும் மறுபுறமும் எலும்புகளை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, கல்லால் அறுத்த வெட்டுத்தடங்களைக் காட்டினார்கள். அன்று மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. புளூமன்ஷைன் தரப்பு, பல்தடங்களை எண்ணி, ஊனுண்ணி முதலில் தின்றது, மனிதர் பிறகு மஜ்ஜைக்கு வந்தார் என்கிறது. மனுவேல் டொமிங்கெஸ்-ரொட்ரிகோ தரப்பு, வெட்டுத்தடங்கள் சதை மிகுந்த எலும்புகளின் நடுத்தண்டில் இருப்பதைக் காட்டி, மனிதர்தான் முதலில் வந்தார் என்கிறது. எனக்கு இரண்டாம் தரப்பின் வாதம் வலுவாகப் படுகிறது. தின்று முடித்த காலில் அறுக்க என்ன இருக்கிறது?

செய்முறையாகச் சொன்னால், எலும்பில் மூன்று தடங்களைப் பிரித்தறிய வேண்டும். கல்முனை இழுத்த கோடு ஒடுங்கிய ஆப்பு வடிவில் ஆழமாக, உள்ளே நுண்கீறல்களோடு இருக்கும். பல் பதிந்த தடம் அகன்று, வழவழப்பான அடியோடு இருக்கும். மூன்றாவது, மணல் கலந்த தரையில் விலங்குகள் எலும்பை மிதித்துத் தேய்த்த கீறல். இது வெட்டுத்தடம் போலவே ஏமாற்றும். இங்கே ஏரி நமக்கு ஓர் உதவி செய்கிறது. மென்களிமண்ணில் மணல் இல்லை. ஆகவே அங்கே மிதிகீறல்கள் குறைவு.

படி 6: எது புதைத்தது, எவ்வளவு விரைவாக?

கைவிடப்பட்ட எல்லா இடமும் தொல்லியல் களமாவதில்லை. புதைய வேண்டும், மெதுவாகப் புதைய வேண்டும், ஆனால் சீக்கிரம் புதைய வேண்டும். முரண்போலத் தெரிந்தாலும் இரண்டும் தேவை. வேகமான வெள்ளம் புதைத்தால் பொருள்கள் இடம்மாறிவிடும். காலம் கடந்து புதைந்தால் எலும்பு மக்கிவிடும். ஏரிக்கரைதான் இந்த இரண்டுக்கும் நடுவில் வாய்க்கும் இடம்: தண்ணீர் ஓசைப்படாமல் ஏறி, மென்வண்டலை விட்டு, ஓசைப்படாமல் இறங்குகிறது.

எவ்வளவு விரைவு என்பதை எலும்பே சொல்லும். கென்யாவின் அம்போசெலியில் செத்த விலங்குகளைப் பல ஆண்டுகள் கவனித்த கே பெரன்ஸ்மேயர், வெயிலில் எலும்பு சிதையும் விதத்தை 0 முதல் 5 வரை நிலைகளாக 1978-இல் வகுத்தார். 0 என்றால் பிசுபிசுப்பு மாறாத புது எலும்பு; 5 என்றால் தொட்டால் உதிர்வது. ஒரு களத்தின் எலும்புகள் எல்லாம் ஒரே நிலையில் இருந்தால் ஒரே நிகழ்வாக இருக்கலாம். ஜிஞ் களத்தில் நிலைகள் கலந்து கிடக்கின்றன. அதாவது ஒரே விருந்தின் மிச்சம் அல்ல; சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்த இடம்.

காரநீர் இங்கே மறுபடியும் தலைகாட்டுகிறது. அமில மண்ணில் எலும்பு கரைந்துவிடும். சுண்ணாம்பும் காரமும் மிகுந்த மண்ணில் நிற்கும். ஆனால் மரக்கட்டை நிற்காது. ஓல்டுவாய் மனிதர் குச்சியால் கிழங்கு தோண்டியிருக்கலாம், இலையில் படுத்திருக்கலாம். அந்த ஏரி அவற்றை நமக்கு வைக்கவில்லை. கல்லும் கறியுமாக ஆதிமனிதரைக் கற்பனை செய்யும் நம் பழக்கத்தில் பாதி, இந்தத் தண்ணீரின் வேதியியல் தந்தது.

நன்னீர் ஏரி ஒன்றோடு ஒப்பிட்டால் இது பளிச்சென்று தெரியும். இஸ்ரேலின் ஜோர்டான் ஆற்றங்கரையில் உள்ள கெஷர் பெனோட் யாகோவ், பழைய ஹூலா ஏரியின் கரையில் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய களம். நீரூறிய மண் காற்றை உள்ளே விடாததால் மரத்துண்டுகள், நீர்க்கொட்டை, கருவாலி (ஓக்) மரக் கொட்டை, மீனெலும்பு எல்லாம் மிஞ்சின. நாமா கோரன்-இன்பார் நடத்திய அகழாய்வில் கொட்டை உடைத்த குழிவிழுந்த கற்களும் கிடைத்தன. இங்குள்ள ஆதிமனிதர் சமையற்கட்டோடு வருகிறார்; ஓல்டுவாய்க்காரர் கசாப்புக் கடையோடு வருகிறார். இந்த வேறுபாட்டில் எவ்வளவு மனிதருடையது, எவ்வளவு மண்ணுடையது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

படி 7: புதைந்த பிறகு என்ன ஆயிற்று?

மேரி லீக்கி காலத்தில், களிமண்ணில் கிடந்த இடமே விழுந்த இடம் என்று நம்பினார்கள். ஓல்டுவாயின் டி.கே. களத்தில் வட்டமாகக் கிடந்த எரிமலைக் கற்களைக் குடிசையின் அடித்தளம் என்றுகூடச் சொன்னார்கள். பாறை உடைந்து தானாகவும் அப்படிக் கிடக்கலாம், மரவேர் தள்ளியும் கிடக்கலாம் என்று பிற்காலத்தவர் காட்டியதும் குடிசை ஆட்டங்கண்டது.

தண்ணீர் புரட்டியதா என்று பார்க்கச் சில எளிய சோதனைகள் உண்டு. முதலில் சின்னச் சில்லுகளை எண்ணுங்கள். கல்லைத் தட்டும்போது நகக்கண் அளவு சில்லுகள் ஏராளமாகச் சிதறும். அவை கருக்கல்லோடு, அதாவது தட்டப்பட்ட மூலக்கல்லோடு, ஒரே இடத்தில் இருந்தால் நீரோட்டம் பெரிதாகத் தொடவில்லை. பெரியவை மட்டும் இருந்தால் சிறியவற்றைத் தண்ணீர் வாரிக்கொண்டு போயிருக்கும். தொல்லியலாளர் கேத்தி ஷிக் கென்யாவின் துர்க்கானா ஏரிப் பக்கம் தானே கல் தட்டி, கரையிலும் ஓடையிலும் போட்டுவிட்டு, வெள்ளம் வடிந்ததும் வந்து எது எங்கே போனது என்று அளந்தார். இப்படிப்பட்ட பொறுமையான வேலைகளுக்குத் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை.

அடுத்து எலும்பு வகைகள். 1969-இல் மைக்கேல் வோர்ஹீஸ் ஓடும் நீர்த்தொட்டியில் எலும்புகளைப் போட்டுப் பார்த்தார். விலா எலும்பும் முதுகெலும்பும் முதலில் மிதந்து போகும். மண்டையோடும் தாடையும் கடைசிவரை நகராது. களத்தில் தாடைகள் மட்டும் மிஞ்சியிருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். விலா, முதுகெலும்பு குறைந்திருந்தால் கழுதைப்புலியையும் சந்தேகியுங்கள். அதற்கு அவை மெல்ல இனிய பண்டம். பிறகு நீண்ட எலும்புகள் ஒரே திசையில் படுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, உடைந்த கற்களை ஒட்டிப் பாருங்கள். ஒரே கல்லின் சில்லுகள் மேலும் கீழுமான மட்டங்களில் கிடைத்தால், வேரோ களிமண் வெடிப்போ அவற்றைப் பிரித்திருக்கிறது. கரிசல் நிலத்தில் கோடையில் கைநுழையும் வெடிப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கம் ஏரிக்களம் அல்ல; கொற்றலை ஆற்றுப் படுகையின் களம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்தது. அதன் அடிக்களிமண்ணை மிகப் பழைய புவியியல் காலத்துப் படிவு என்று நம்பியதால், கருவிகள் அதன் மேற்பரப்பில் மட்டும்தான் இருக்கும் என்று வெகுகாலம் கருதினார்கள். 1999-இல் தொடங்கிய சாந்தி பப்புவின் அகழாய்வு அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கருவிகளைக் கண்டது. அது மெல்லப் பரவிய வெள்ளம் விட்ட வண்டல். 2011-இல் வெளியான காலக்கணிப்பு அவற்றுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு வயது தந்தது. களிமண்ணைச் சரியாக வாசிக்காததால் மட்டும் நூறாண்டுக்கு மேல் மறைந்திருந்த செய்தி!

படி 8: சாம்பலைப் படியுங்கள்

இது விரைவாகச் சொல்லிவிடக்கூடியது. ஜிஞ் களிமண்ணுக்கு மேல் எரிமலைச் சாம்பல் ஒன்று போர்த்தியிருக்கிறது. சாம்பலில் உள்ள படிகங்களின் பொட்டாசியம் கதிரியக்கத்தால் ஆர்கானாக மாறும் வேகம் தெரியும், அளந்தால் வயது. 1961-இல் இதே முறையின் முதல் வடிவம் 17 லட்சத்து 50 ஆயிரம் ஆண்டு என்றது. மேம்பட்ட அளவீடு 18 லட்சத்து 40 ஆயிரம் என்று திருத்தியது. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: சாம்பல் தரும் வயது சாம்பலுடையது. அதன் கீழிருக்கும் களிமண் எத்தனை ஆண்டுகள் திறந்து கிடந்தது என்பதைச் சாம்பல் சொல்லாது; அதற்கு எலும்பின் சிதைவு நிலைகளிடம்தான் திரும்ப வேண்டும்.

படி 9: பக்கத்து வீட்டோடு ஒப்பிடுங்கள்

ஜிஞ்சுக்கு அருகிலேயே, சற்று மேலே உள்ள அடுக்குகளில் எஃப்.எல்.கே. வடக்கு என்ற களம். அதே கரை, அதே ஊற்று நிலம், அங்கேயும் எலும்பும் கல்லும் ஒன்றாகக் கிடந்தன. ஒரு யானையின் எலும்புக்கூட்டைச் சுற்றிக் கருவிகள் கிடந்ததால் வெட்டிக் கறிபோட்ட இடம் என்று முதலில் எழுதினார்கள். பின்னர் எலும்புகளை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தபோது, மிகப் பெரும்பாலானவை பூனையினப் பெருவிலங்குகளும் கழுதைப்புலிகளும் சேர்த்தவை என்று தெரிந்தது. வெட்டுத்தடங்கள் அரிதிலும் அரிது. கற்கள் வேறொரு வேலைக்காக வேறொரு நாளில் வந்திருக்கின்றன. ஏரி மெல்ல மெல்ல வண்டல் விட்டதால், தொடர்பில்லாத இரண்டு கதைகள் ஒரே தரையில் அழுந்திவிட்டன. தொல்லியலாளர் தோண்டியெடுத்து அவற்றுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு துர்க்கானா ஏரியின் கிழக்குக் கரையில். 2024-இல் அறிவிக்கப்பட்ட, சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையான காலடித் தடங்களில் இரண்டு விதமான நடை தெரிகிறது: ஒன்று ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதிமனித இனம், மற்றது பராந்த்ரோபஸ் பொய்செய் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஈரச்சேற்றில் பதிந்த தடம் காய்ந்து வெடிப்பதற்கு முன்பே வண்டல் மூடியதால், சில மணி நேரங்களோ சில நாட்களோதான் இடைவெளி. ஒரே ஏரிக்கரை ஓரிடத்தில் பல ஆண்டுகளை ஒரு விரற்கடைக்குள் நசுக்கிவிடுகிறது. இன்னோரிடத்தில் ஒரு பிற்பகலை அப்படியே பிடித்து வைக்கிறது.

படி 10: எதுவும் கிடைக்காத இடத்திலும் தோண்டுங்கள்

ஏரிக்கரையில் களங்கள் மிகுதி என்பதற்காக, ஆதிமனிதர் ஏரிக்கரையை மிகுதியாக நாடினார் என்று சொல்லிவிட முடியுமா? மேட்டு நிலத்தில் அவர் பத்து மடங்கு நேரம் செலவழித்திருக்கலாம்; அங்கே மூடிவைக்க வண்டல் இல்லை, எலும்பு மக்கி, கல் மட்டும் அனாதையாக அரித்துக்கொண்டு போயிருக்கும். அதற்கும் மேலே இன்னொரு வடிகட்டி உண்டு. கடந்த சில லட்சம் ஆண்டுகளில் ஓடை வெட்டிய பள்ளத்தாக்குச் சுவரில் தெரிவதைத்தான் நாம் பார்க்கிறோம். சுவருக்குப் பின்னால் உள்ள சமவெளிக்கு அடியிலும் அதே ஏரிக்கரை தொடர்கிறது; அங்கே மேரி லீக்கி நடந்திருந்தாலும் ஒரு பல்லும் கண்ணில் பட்டிருக்காது.

இதை உணர்ந்துதான் 1989-இல் புளூமன்ஷைனும் தான்சானியத் தொல்லியலாளர் ஃபிடெலிஸ் மசாவோவும் தொடங்கிய நிலப்பரப்பு ஆய்வு, பேர்பெற்ற குவியல்களை விட்டு விலகிப் போனது. ஒரே சாம்பலுக்குக் கீழே உள்ள ஒரே காலத்து அடுக்கைப் பிடித்துக்கொண்டு, படுகை முழுவதும் பல பத்துக் குழிகளைத் தோண்டினார்கள். ஏரியின் சேற்றில் ஒரு குழி, ஊற்றுக்கரையில் ஒரு குழி, ஓடை விசிறியில் ஒரு குழி. சிலவற்றில் கருவிகள், சிலவற்றில் எலும்பு மட்டும், சிலவற்றில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத குழிக்கும் ஆழம், மண்ணின் நிறம், வேர்த்துளை, சாம்பல் மட்டம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறின. நீங்கள் அடுத்த முறை ஓர் அகழாய்வு அறிக்கையைக் கையில் எடுத்தால், கருவிகளின் படங்களைத் தாண்டி, அந்த வெற்றுக் குழிகளின் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பின்னிணைப்பில் இருக்கும்.